கண்ணில் தெரியும் கொலஸ்டிரால்

வயது முதிர்ந்தவர்களின் கண்ணை அருகிலிருந்து கவனித்தால், கருவிழியின் ஓரத்தைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெண்ணிற வளையம் ஒன்று தெரிவதுண்டு. வேறு சிலருக்கு, மூக்கை ஒட்டிய இமைப்பகுதியில் மஞ்சள் நிறத் தடிப்பு இருக்கும். இரண்டும் வலிப்பதில்லை, பார்வையையும் மறைப்பதில்லை. இரண்டிலும் படிந்திருப்பது கொலஸ்டிரால் முதலான கொழுப்புப் பொருள்களே. இரத்தத்தில் ஓடும் கொழுப்பு கண்ணுக்கு எப்படி வந்தது? அதனால் என்ன கேடு?

கொலஸ்டிரால் நம் பகைவன் அன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் உறைக்கும், பித்தநீருக்கும், சில ஹார்மோன்களுக்கும் அது தேவை. உடலுக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் பிற உறுப்புகளுமே தயாரித்துக்கொள்கின்றன. எண்ணெயைப் போலவே கொலஸ்டிராலும் நீரில் கரையாது. ஆகவே புரதத்தோடு சேர்ந்த நுண்ணிய பொட்டலங்களாக அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. இவற்றுள் அடர்த்தி குறைந்த எல்.டி.எல். என்னும் வகை மிகுந்தால், இரத்தக் குழாயின் சுவருக்குள் கசிந்து படிகிறது.

வெளியே தெரியும் அடையாளங்கள்

கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கார்னியாவின் நடுப்பகுதியில் இரத்தக் குழாய்களே கிடையா. அவை அதன் விளிம்போடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து கசியும் கொழுப்பு ஓரத்தில் தங்குவதால்தான் அது வளையமாகத் தெரிகிறது.

முதியவர்களுக்கு இவ்வளையம் நரைமுடி போன்றது, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே தோன்றினால் இரத்தப் பரிசோதனை அவசியம். சில குடும்பங்களில் எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து அகற்றும் அமைப்பு பிறவியிலேயே குறைவுபட்டிருக்கும். இதன் காரணத்தை விளக்கிய அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். இக்குறை உள்ளவர்கள் மெலிந்த உடலினராகவும் இருக்கலாம். ஆகவே கொழுப்பு பருத்தவர்களின் நோய் என்று எண்ணுவது தவறு.

இமையின் மஞ்சள் தடிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தக் கொழுப்பு இயல்பாகவே இருக்கிறது. எனவே அடையாளத்தைக் கண்டு முடிவு கட்டிவிடக்கூடாது, பரிசோதித்தே அறியவேண்டும்.

உள்ளே மறைந்திருக்கும் ஆபத்து

கண்ணின் பாவை ஏன் கறுப்பாகத் தெரிகிறது? உள்ளே சென்ற ஒளி வந்த வழியே திரும்புகிறது. அதைப் பார்க்க நாம் தலையை நீட்டினால், நம் தலையே ஒளியை மறைத்துவிடுகிறது. இச்சிக்கலை அவிழ்த்து, விழித்திரையைக் காட்டும் கருவியை 1851-இல் வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். உடலைக் கீறாமலே இரத்தக் குழாய்களை நேரில் பார்க்க இயலும் இடம் விழித்திரை.

1961-இல் ஹாலன்ஹார்ஸ்ட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், விழித்திரைத் தமனி பிரியும் இடங்களில் மின்னும் மஞ்சள் துணுக்குகளைப் பற்றி எழுதினார். அவை கொலஸ்டிரால் படிகங்கள். கழுத்துத் தமனியின் சுவரில் படிந்த கொழுப்பு உடைந்து, இரத்தத்தோடு கண்ணுக்கு வந்து சிக்கியவை. அதே துணுக்கு மூளைக்குச் சென்றிருந்தால் பக்கவாதம்.

விழித்திரையின் மையத் தமனி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அகலமே உடையது. குழாயின் ஆரம் பாதியானால், மற்றவை மாறாதிருக்க, அதில் ஓடும் நீர்மம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது பிரெஞ்சு அறிஞர் புவாசேயின் விதி. இரத்தம் இவ்விதிக்கு முழுதும் கட்டுப்பட்டதன்று. ஆனால் சிறிய அடைப்பும் பெரிய குறைவைத் தரும் என்பது உண்மை.

சிரைக்கும் ஆபத்து உண்டு. விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் ஒரே உறைக்குள் அமைந்துள்ளன. தடித்து இறுகிய தமனி சிரையை நெருக்கினால் இரத்தம் தேங்கி உறைகிறது. விழித்திரையில் கசிந்து பார்வையைக் கெடுக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியவை சேர்ந்தால் ஆபத்து பெருகும். சென்னை நகர நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று, இரத்தக் கொழுப்புக்கும் விழித்திரைப் பாதிப்புக்கும் தொடர்பு உண்டென 2006-இல் காட்டியது.

செய்யவேண்டியது என்ன?

ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்து, சில நிமிடங்களில் தெளிந்துவிடலாம். வலி இராது. வயலில் நிற்பவர் வெயில் மயக்கம் என்று நினைத்து வேலையைத் தொடர்வார். அது பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையாக இருக்கக்கூடும். பார்வை திரும்பிவிட்டது என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பார்வை திரும்பாவிட்டாலோ ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பென்னாகரம், அரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடையவே நேரம் பிடிக்கும்; அந்த நேரத்தைக் கைவைத்தியத்திலும் கண் சொட்டு மருந்திலும் கழிக்கலாகாது. 108-ஐ அழைக்கலாம்.

கொலஸ்டிரால் மிகுதி தானாக வலியோ சோர்வோ தருவதில்லை. இரத்தப் பரிசோதனைதான் காட்டும். நெய், வனஸ்பதி, பாமாயில், பலமுறை காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்கள் ஆகியவற்றைக் குறைப்பதும், கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவற்றைச் சேர்ப்பதும், நாள்தோறும் நடப்பதும் நல்லன. மருத்துவர் மாத்திரை தந்தால், அவரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது.

பார்வை மங்கினால் மூக்குக் கண்ணாடி மாற்றுவது நம் வழக்கம். கண்ணாடி ஒளியின் பாதையைத் திருத்தும்; இரத்தத்தின் பாதையைத் திருத்தாது. வீட்டில் நாற்பது வயதைக் கடந்தவர் இருந்தால், அடுத்த முறை கண்ணைக் காட்டப் போகும்போது விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே இரத்தக் கொழுப்பையும் அளந்துவிடுங்கள்.