கை வலிக்கு தைலம் போதுமா... ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கணுமா? இந்த அறிகுறிகள் இருந்தா அசால்ட்டா விடாதீங்க!

துணி பிழிஞ்சா மணிக்கட்டு வலி, போனை ரொம்ப நேரம் பிடிச்சிருந்தா கட்டைவிரல் வலி. தைலம் தேய்ச்சு, ஒரு வலி மாத்திரை போட்டா சரியாகிடும்னு விட்டுடுறோம். பெரும்பாலான கை வலிகள் அப்படியே சரியாகியும் விடுகின்றன. ஆனால், சில வலிகள் காத்திருக்கக் கூடாதவை. அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

வலி அதிகமா, கம்மியா என்பதை மட்டும் பார்க்காதீங்க. கை தன் வேலையைச் செய்கிறதா என்று பாருங்க. மரத்துப்போவது, பிடி தளர்வது, விரல் மடங்க மறுப்பது... இவைதான் முக்கியமான அறிகுறிகள்.

எதற்குக் காத்திருக்கலாம்?

வேலை அதிகமாகி வந்த வலி, வீக்கமோ மரத்துப்போதலோ இல்லை என்றால், கைக்கு ஓய்வு கொடுத்து ஓரிரு வாரம் பார்க்கலாம். அதன்பிறகும் வலி குறையவில்லை என்றால் டாக்டரிடம் போவது நல்லது. குழந்தையை அடிக்கடி தூக்கும் புது அம்மாக்களுக்குக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வரும் வலியும் இந்த வகைதான். கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டை போட்டாலே பலருக்குக் குறையும்.

எந்த விரல் மரத்துப்போகுது?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறீர்களா? அது 'கார்பல் டனல்' பாதிப்பாக இருக்கலாம். மணிக்கட்டில் உள்ள குறுகலான பாதையில் நரம்பு அழுத்தப்படுவதால் வருவது இது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், பெரும்பாலும் முழங்கையில் வேறொரு நரம்பு அழுத்தப்படுகிறது.

ஆரம்பத்திலேயே வந்தால், ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை அல்லது ஒரு ஊசியிலேயே பலருக்கு நிவாரணம் கிடைக்கும். சட்டை பட்டன் போட முடியல, டம்ளர் கை நழுவுது, கட்டைவிரல் அடியில் உள்ள சதை வத்திப்போகுது என்றால் இனி தள்ளிப்போடவே கூடாது. வத்திய சதை, ஆபரேஷனுக்குப் பிறகும் முழுசா திரும்பாமல் போகலாம்.

விரல் மாட்டிக்குதா? காலையில் இறுகுதா?

மடக்கிய விரல் நிமிராமல் மாட்டிக்கொண்டு, 'டக்'கென்று விடுபட்டால் அது 'ட்ரிகர் ஃபிங்கர்'. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். அவசரம் இல்லை, ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாகவே இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். இதற்கு மூட்டுவாத நிபுணர், அதாவது ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்கணும். தாமதித்தால் மூட்டு சிதைய ஆரம்பிக்கும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டியவை

* முள்ளோ மீன் செதிலோ குத்திய பிறகு விரல் முழுதும் வீங்கி, லேசாக மடங்கியே இருக்கிறது, நிமிர்த்தினால் உயிர் போகிற வலி. உள்ளே சீழ் பரவுகிறது என்று அர்த்தம்.
* கண்ணாடியோ கத்தியோ கிழித்த பிறகு விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை. ரத்தம் நின்றுவிட்டாலும், உள்ளே தசைநாண் அறுந்திருக்கலாம்.
* கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலை விரித்தால் அடியில் தெரியும் குழியில் அழுத்தும்போது வலி. இங்குள்ள சின்ன எலும்பின் முறிவு, முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி தொடர்ந்தால் 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்லுங்க. அதுவரை நீவி விடுவது, எண்ணெய்க் கட்டு எல்லாம் வேண்டாம்.
* விரல் துண்டானால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துச் செல்லுங்க. விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது.

திடீரென ஒரு பக்கக் கை செயலிழந்து வாய் கோணினாலோ, இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தாலோ, அது கை பிரச்னையே இல்லை. உடனே 108-க்கு போன் பண்ணுங்க.

வலியே இல்லைன்னா?

அதுவும் ஆபத்துதான். தோலில் நிறம் வெளுத்த தேமல், அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை, சூடுபட்டாலும் தெரியவில்லை என்றால் தொழுநோய்க்கான பரிசோதனை தேவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கான மருந்து இலவசம். சீக்கிரம் ஆரம்பித்தால் விரல்கள் மடங்கிப்போவதைத் தடுக்கலாம்.

யாரைப் பார்ப்பது?

முதலில் உங்கள் குடும்ப டாக்டரையே பார்க்கலாம். மேலே சொன்ன நரம்பு, தசைநாண், எலும்புப் பிரச்னைகளுக்கு எலும்பு மருத்துவர்களிலும் பிளாஸ்டிக் சர்ஜன்களிலும் கைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். 'பிளாஸ்டிக் சர்ஜரின்னா அழகுக்குத்தானே' என்று நினைக்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு 1970-களில் இருந்து செயல்படுகிறது.

டாக்டரிடம் போகும் முன் மூணு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்க: எந்த விரல், எந்த நேரம், எந்த வேலையைச் செய்ய முடியல. 'கை வலிக்குது டாக்டர்' என்று மட்டும் சொல்வதைவிட, இந்த மூணும் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க உதவும்.