பாப்பாவோட 16 மணி நேரம்: அழுகையை அடக்காதீங்க, படிங்க

வழக்கமா இங்க கோட், வேலை, இண்டர்வியூனு பேசுவோம். இந்த எபிசோட் கொஞ்சம் வேற. 14 மாசப் பொண்ணைத் தூக்கிக்கிட்டு, தனியா, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வழியா சென்னைக்கு வந்து சேர்ந்திருக்கேன். முதல் விமானம் மட்டும் 16 மணி நேரத்துக்கு மேல. சிங்கப்பூர்ல நாலு மணி நேரம் காத்திருப்பு. அப்புறம் இன்னொரு நாலு மணி நேரம் பயணம்.

கணவருக்கு விசா ஸ்டாம்பிங் பாக்கி. வெளிய போனா எப்போ திரும்ப முடியும்னு தெரியாது. எங்க அம்மாவோ பேத்தியை 14 மாசமா ஃபோன் திரையில மட்டும்தான் பார்த்திருக்காங்க. முட்டி வலியோட அவங்களால இங்க வர முடியாது. அதனால நான்தான் போகணும்னு முடிவாச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு இருந்த பயம் ஒண்ணுதான்: பாப்பா அழுதா என்ன பண்றது? பயணம் முடிஞ்ச பிறகுதான் கேள்வியே தப்புனு புரிஞ்சுது. "ஏன் அழுவா?"னுதான் முதல்லயே யோசிச்சிருக்கணும். நம்ம பாஷையில சொன்னா, அழுகை ஒரு எரர் மெசேஜ். அதை மறைச்சா பிரச்சினை தீராது. படிச்சுப் பார்த்தாதான் எங்க தப்புனு தெரியும்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி

கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேணும். அமெரிக்காவில பிறந்த குழந்தைனா அமெரிக்க பாஸ்போர்ட். 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அது 5 வருஷம்தான் செல்லும். விண்ணப்பிக்கும்போது அப்பா, அம்மா ரெண்டு பேரும் நேர்ல போகணும். ஒருத்தரால வர முடியலைனா அவரோட சம்மதம் எழுத்துல வேணும். அந்தப் பாஸ்போர்ட்டோட இந்தியாவுக்குள்ள வர, குழந்தைக்கு ஓசிஐ கார்டோ விசாவோ இருக்கணும். "நம்ம குழந்தைதானே, நம்ம ஊர்தானே"னு இதை மறந்துட்டு விமான நிலையத்துல போய் நிக்கிறவங்க உண்டு. ஓசிஐ வர வாரக்கணக்காகும். அதனால டிக்கெட்டுக்கு முன்னாடியே இதைத் தொடங்குங்க.

பெற்றோர்ல ஒருத்தர் மட்டும் கூட்டிட்டுப் போறதா இருந்தா, இன்னொருத்தர் "எனக்குச் சம்மதம்"னு எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கின கடிதம் ஒண்ணு வச்சுக்கோங்க. என்கிட்ட யாரும் கேக்கல. ஆனா கேட்டா நடு ராத்திரியில எங்க போய் வாங்குறது?

இன்னொரு விஷயம் ரெண்டு வயசுக் கணக்கு. ரெண்டு வயசு ஆகாத குழந்தை மடியில வரலாம். சர்வதேசப் பயணத்துல பெரும்பாலும் பெரியவங்க கட்டணத்துல 10% பக்கம் வாங்குவாங்க, வரி தனி. ரெண்டு வயசு முடிஞ்சா தனி சீட் எடுத்தே ஆகணும். போகும்போது 23 மாசம், திரும்பும்போது 25 மாசம்னா, திரும்புற பயணத்துக்குத் தனி சீட்.

சீட்டா, மடியா, தொட்டிலா

நேர்மையா சொல்றேன்: குழந்தைக்கு மிகப் பாதுகாப்பானது தனி சீட், அதுல விமானத்துக்கு அங்கீகாரம் பெற்ற கார் சீட். அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ சொல்றதும் அதுதான். விமானம் திடீர்னு குலுங்கினா, 10 கிலோ குழந்தையைக் கையால இறுக்கிப் பிடிக்க எந்த அம்மாவாலயும் முடியாது. நான் பணக்கணக்குப் போட்டு மடியும் தொட்டிலும்னு முடிவு பண்ணேன். அது ஒரு சமரசம்னு தெரிஞ்சேதான் பண்ணேன்.

விமானத் தொட்டில், அதாவது பாசினெட், கேபினோட தடுப்புச் சுவர்ல மாட்டுறது. எண்ணிக்கை ரொம்பக் குறைவு. டிக்கெட் போட்ட உடனே விமான நிறுவனத்துக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க. எடை வரம்பும் நீள வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதையும் அப்பவே கேட்டுக்கோங்க. சீட் பெல்ட் விளக்கு எரிஞ்சா தூங்குற குழந்தையைத் தொட்டில்ல இருந்து எடுத்து மடியில வச்சே ஆகணும். அந்த வரிசையில முன்னாடி சீட் கிடையாது, அதனால கால்கிட்ட பை வைக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேல போயிடும். ஒரு டயப்பர், துடைக்கிற வெட் வைப்ஸ், பால் பாட்டில், ஒரு பொம்மை மட்டும் சின்னப் பையில போட்டு உங்க பக்கத்துலயே வச்சுக்கோங்க.

உங்க சீட் பெல்ட்டுக்குள்ளயே குழந்தையையும் சேர்த்துப் போடாதீங்க. குலுங்கும்போது உங்க உடம்பே குழந்தையை நசுக்கிடும். குழந்தைக்குத் தனி பெல்ட் கொடுக்கிற விமானங்கள் உண்டு. அதை எப்படி மாட்டுறதுனு பணிப்பெண்கிட்டயே காட்டச் சொல்லுங்க.

"ஒரு ஸ்பூன் மருந்து குடுத்துடு"

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பெரியம்மா போட்ட யோசனை இது. "சளி மருந்து ஒரு ஸ்பூன் குடு, சென்னை வர்ற வரைக்கும் தூங்குவா." அன்போட சொன்னதுதான். எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் வந்துச்சுனு ஒத்துக்கிறேன்.

தூக்கம் வர வைக்கிற பழைய அலர்ஜி மருந்துகள்ல முக்கியமானது டைஃபென்ஹைட்ரமின். குழந்தையைத் தூங்க வைக்க இதைப் பயன்படுத்தாதேனு அமெரிக்காவில அந்த மருந்தோட லேபிள்லயே அச்சடிச்சிருக்கு. அளவு கூடினா சின்னக் குழந்தைக்கு மூச்சே பாதிக்கலாம். சில குழந்தைங்களுக்கு நேர் எதிரா, தூக்கம் போய் ஆட்டம் கூடிடும். நடுக்கடல் மேல 35,000 அடியில இது நடந்தா ஓடிப் போக ஆஸ்பத்திரி கிடையாது. குழந்தை டாக்டர்கிட்ட கேட்டேன். "வேண்டவே வேண்டாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க.

அது எரரைத் தீர்க்கிறது இல்ல, லாக்கை அணைச்சு வைக்கிறது. பாப்பாவுக்குக் காது வலிச்சா எனக்குச் சொல்ல அவகிட்ட இருக்கிற ஒரே வழி அழுகைதான்.

காது: நான் பண்ணின தப்பு

சிங்கப்பூர் நெருங்கினப்போ பாப்பா நல்ல தூக்கத்துல இருந்தா. சீட் பெல்ட் விளக்கு எரிஞ்சுது, தூக்கி மடியில வச்சேன். அப்பவும் எழுந்திருக்கல. "அப்பாடா, தூங்கிட்டே இறங்கட்டும்"னு விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல வீல்னு ஒரு அலறல். பொம்மை காட்டினேன், பாட்டுப் போட்டேன், தட்டிக் கொடுத்தேன். எதுக்கும் நிக்கல. பக்கத்து சீட்ல ஒரு வயசான சீன அம்மா. பாஷை தெரியாது. தன் காதைத் தொட்டுக் காட்டி, அப்புறம் பாட்டில் குடிக்கிற மாதிரி கையைக் காட்டினாங்க. பாலைக் கொடுத்தேன். ரெண்டு மூணு நிமிஷத்துல அழுகை அடங்கிடுச்சு.

நடந்தது இதுதான். விமானம் எவ்வளவு உயரத்துல பறந்தாலும் கேபினுக்குள்ள காத்தழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில இருக்கிற அளவுல இருக்கும். ஊட்டி கிட்டத்தட்ட 7,300 அடி. அதாவது 16 மணி நேரம் ஊட்டியில உக்காந்திருந்தோம். இறங்கும்போது அரை மணி நேரத்துக்குள்ள ஊட்டியிலிருந்து கடல் மட்டத்துக்கு வர்றோம். வெளி அழுத்தம் ஏற ஏற செவிப்பறை உள்பக்கமா அழுந்தும். அதைச் சமன் பண்ண, நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போற ஒரு மெல்லிய குழாய் திறக்கணும். அது திறக்கிறது விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான். குழந்தைங்களுக்கு அந்தக் குழாய் இன்னும் குறுகல். தூக்கத்துல விழுங்குறதும் குறைவு. அதான் தூங்குற குழந்தை வலியோட எழுந்திருக்கு.

ஏறும்போது உள்ள இருக்கிற காத்து பெரும்பாலும் தானாவே வெளியேறிடும். இறங்கும்போதுதான் சிக்கல் அதிகம். அதனால "தூங்குற குழந்தையை எழுப்பாதே"ங்கிற விதிக்கு இங்க விதிவிலக்கு. தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது மெதுவா எழுப்பி, தாய்ப்பாலோ பாட்டிலோ தண்ணியோ கொடுங்க. ஒரே மூச்சுல குடிக்க விடாம, கொஞ்சம் கொஞ்சமா. கடும் சளியோ காது வலியோ இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க.

சென்னையில இறங்கும்போது இதையே பண்ணேன். சின்ன முனகலோட முடிஞ்சுது.

தண்ணி, சாப்பாடு, டயப்பர்

கேபின் காத்துல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ. பாலைவனக் காத்து மாதிரி. மூக்கு காயும், உதடு வெடிக்கும், தாகத்துலயே குழந்தை எரிச்சலாகும். கேக்காட்டியும் அடிக்கடி பால், தண்ணி கொடுங்க.

100 மில்லிக்கு மேல திரவம் கூடாதுங்கிற விதி பலருக்குப் பயம். தாய்ப்பால், ஃபார்முலா, குழந்தை உணவு இதுக்கெல்லாம் அமெரிக்க விமான நிலையங்கள்ல விலக்கு இருக்கு. சோதனையில தனியா எடுத்து வச்சுச் சொன்னா போதும். நான் கொண்டு போனது சத்துமாவுப் பொடி, வாழைப்பழம், குட்டி இட்லி. இட்லியை முதல் சில மணி நேரத்துலயே முடிச்சிடுங்க, அப்புறம் புளிச்சிடும். கஞ்சிக்கு விமானத்துலயே வெந்நீர் தருவாங்க, நல்லா ஆற வச்சுக் கொடுங்க. முழு முந்திரி, வேர்க்கடலை, முழு திராட்சை வேண்டாம். தொண்டையில சிக்கிக்கும்.

டயப்பருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டு, மேல அஞ்சாறு. பாப்பாவுக்கு மூணு செட் துணி வச்ச நான், எனக்கு ஒண்ணு கூட வைக்கல. பாக்கிக் கதையை நீங்களே ஊகிச்சுக்கோங்க.

தனியா போறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாத்ரூம் போகணும்னா பணிப்பெண்கிட்டயோ பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயோ கேளுங்க. நான் அஞ்சு மணி நேரம் கூச்சப்பட்டு அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். கேட்டதும் அந்தச் சீன அம்மா ரெண்டு கையையும் நீட்டினாங்க.

ஊருக்கு வந்த பிறகு

கலிஃபோர்னியாவுக்கும் சென்னைக்கும் கோடையில 12½ மணி நேரம், குளிர்காலத்துல 13½ மணி நேர வித்தியாசம். பகல் அப்படியே ராத்திரி ஆகுது. உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதனால ஒரு வாரத்துக்கு மேல ஆகலாம். காலை வெயில்ல வெளிய கூட்டிட்டுப் போங்க. ராத்திரி எழுந்தா விளக்கு மங்கலா இருக்கட்டும், ஃபோன் வேண்டாம்.

சொந்தக்காரங்களை ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுங்க. இந்த வயசுல புது முகம்னா குழந்தைக்குப் பயம் இயல்பு. எங்க அம்மா வாசல்லயே கையை நீட்டினாங்க. பாப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டு என் தோள்ல புதைஞ்சுட்டா. அம்மா ஒண்ணும் சொல்லல. உள்ள போய் அடுப்பைப் பத்த வச்சாங்க. அவங்க முதுகைப் பார்த்தே எனக்குப் புரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி ரெண்டரை மணிக்குப் பாப்பா எழுந்துட்டா. என்னால கண்ணைத் திறக்கவே முடியல. அம்மா தூங்காம ஹால்ல உக்காந்திருந்தாங்க. தினமும் வீடியோ கால்ல பாடுற அதே தாலாட்டை மெதுவா ஆரம்பிச்சாங்க. பாப்பா அந்தக் குரலை அடையாளம் கண்டுட்டா. முதல்ல ஃபோன் எங்கன்னு தேடினா. அப்புறம் அம்மாகிட்ட நகர்ந்து போய் மடியில ஏறிக்கிட்டா.

நான் போய்ப் படுத்துட்டேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.