ஓய்வுநாளின் விலை

டிசம்பர் மாதத்தில் லண்டன் நகரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அந்நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்து, பாரிஸிலிருந்து வரும் ரயிலும் இரண்டு மணி நேரம் தாமதமானால், பெரும்பாலான பயணிகளுக்கு அது வெறும் எரிச்சல். சமய நெறி வழுவாத ஒரு யூத இளைஞருக்கோ அது பெரும் நெருக்கடி. சூரியன் மறையும் முன் அவர் தங்குமிடத்தை அடைந்தாக வேண்டும். அதன்பின் சனிக்கிழமை இரவு கவியும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், அவர் வண்டியில் ஏறமாட்டார், பணத்தைத் தொடமாட்டார், கைப்பேசியை இயக்கமாட்டார். அதுவே சபாத் எனப்படும் ஓய்வுநாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய நகரமொன்றில் நடந்த கருத்தரங்கிற்குச் சென்றிருந்தேன். அதே விடுதியில் தங்கியிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், தமது ஒரு மாதப் பயணத் திட்டத்தை என்னிடம் காட்டினார். அதில் முதலில் எழுதப்பட்டிருந்தவை நான்கு சனிக்கிழமைகளே. அந்நாள்களில் எங்கே இருப்பது என்று முடிவு செய்த பிறகுதான் மற்ற ஊர்களின் பெயர்கள் இடம்பெற்றிருந்தன. உதவித்தொகையில் வாழும் அவரிடம் கார் இல்லை. வாடகைக்கு எடுக்கும் வசதியும் இல்லை. "விடுதியைத் தேடும்போது நான் விலையைப் பார்ப்பதற்கு முன் பூட்டைப் பார்க்கிறேன்" என்றார். பொருளியல் ஆசிரியனான எனக்கு அச்சொல் நெடுநாள் மறக்கவில்லை.

காரணம் எளியது. சபாத் நாளில் விலக்கப்பட்ட வேலைகளை யூத மரபு 39 வகைகளாகப் பகுத்துள்ளது. தீ மூட்டுதல், எழுதுதல், பொருளைப் பொதுவெளியில் சுமந்து செல்லுதல் ஆகியன அவற்றுள் சில. மின்சாரத்தை இயக்குவதையும் நெறியாளர்கள் தவிர்க்கின்றனர். எனவே மின்னணு அட்டையால் திறக்கும் அறையும், ஆள் வந்தால் தானே எரியும் விளக்கும், எட்டாவது மாடியும் அவர்களுக்கு இடையூறுகள். சாதாரணச் சாவியும் முதல் மாடியும் போதும். ஆனால் மலிவான விடுதிகள் பலவும் இன்று மின்னணு அட்டைக்கு மாறிவிட்டன. சாவி கிடைத்தாலும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க இயலாது. நகரத்தைச் சுற்றிக் கம்பங்களும் கம்பிகளும் கொண்டு அமைக்கப்பட்ட 'எருவ்' என்னும் எல்லைக்குள் மட்டுமே பொருளை எடுத்துச் செல்லலாம். வடமேற்கு லண்டனில் அத்தகைய எல்லை 2003-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எருவ் இல்லாத ஊரில், சாவியை இடுப்புப் பட்டையின் ஒரு பகுதியாகவே கோத்து அணிந்து செல்வோரும் உண்டு.

அடுத்தது உணவு. பன்றி இறைச்சியைத் தவிர்த்துவிட்டால் உணவு 'கோஷர்' ஆகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். அது மட்டும் போதாது. விலங்கு முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும். இறைச்சியும் பாலும் கலக்கலாகாது. மீனுக்குத் துடுப்பும் செதிளும் இருக்க வேண்டும். சமைத்த பாத்திரமும் கணக்கில் வரும். எனவே விடுதியின் பொதுச் சமையலறை இருந்தும் அங்குள்ள பாத்திரங்கள் இவருக்குப் பயன்படா. தம்முடைய சிறு பாத்திரம் ஒன்றைச் சுமந்து செல்கிறார். பழங்கள், பச்சைக் காய்கறிகள், சான்று முத்திரை பெற்ற டப்பா மீன் ஆகியன அவருடைய அன்றாட உணவு. அமெரிக்காவில் சாதாரணக் கடைப் பொருள்களிலேயே அம்முத்திரை பரவலாகக் காணப்படுவதால் அங்குச் செலவு குறைவு. ஐரோப்பாவில் முத்திரை அரிது. அந்தந்த நாட்டு யூத சமய அமைப்புகள் வெளியிடும் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும். கோஷர் உணவகங்கள் உள்ள பெருநகரங்களிலும் அவற்றின் விலை மாணவருக்கு எட்டுவதில்லை.

இனி, கார் இல்லாமையின் கணக்கு. வாடகைக் காருக்குச் சனிக்கிழமையும் வாடகை உண்டு, நிறுத்துமிடக் கட்டணமும் உண்டு, ஓட்டத்தான் முடியாது. ஏழில் ஒரு பங்கு வீண். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் கூடுதல் கட்டணமும் பெறுகின்றன. ஆகவே நெறிவழிப் பயணிக்குக் கார் இல்லாததால் நேரும் இழப்பு, பிறருக்கு நேர்வதைவிடக் குறைவே. காரின் உண்மையான மதிப்பு வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டும் வெளிப்படுகிறது. ரயில் தாமதமானால் மாற்றுவழியாக நிற்கும் காப்பீடு அது. கார் இல்லாதவர் அக்காப்பீட்டை நேரமாகச் செலுத்துகிறார். மாலை ரயிலுக்குப் பதில் காலை ரயிலில் புறப்பட்டு, வெள்ளிக்கிழமையின் பாதியை இழக்கிறார்.

பயணச்சீட்டிலும் இதே கணக்கு உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்கான யூரெயில் சீட்டில் இரு வகைகள் உள்ளன. ஒன்று, 15 நாள், 22 நாள் என இடைவெளியின்றிச் செல்லுபடியாவது. மற்றொன்று, ஒரு மாதத்துக்குள் ஏதேனும் 4, 5 அல்லது 7 நாள்கள் பயணம் செய்யலாம் என்பது. முதல் வகையில் ஒவ்வொரு சனிக்கிழமையின் பகற்பொழுதும் வீணாகிறது. இரண்டாவதில் ஒன்றும் வீணாவதில்லை. 27 வயது வரை இளைஞர் சலுகையும் உண்டு. பருவத்திலும் ஒரு பரிமாற்றம் இருக்கிறது. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை விரைவில் முடிந்துவிடும். ஆனால் சனிக்கிழமை மாலையிலேயே மீண்டும் ரயில் ஏறலாம். கோடையில் வெள்ளிக்கிழமை நீண்டிருக்கும். ஆனால் வட ஐரோப்பாவில் சனிக்கிழமை இரவு 10 மணிக்கு மேல்தான் ஓய்வுநாள் நிறைவடையும். அந்நேரத்தில் ரயில்கள் குறைவு.

தங்கும் ஊரின் தேர்வும் முக்கியமானது. ஜெப ஆலயத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் மலிவான விடுதி வேண்டும். ஆன்ட்வெர்ப் நகரில் யூதர் குடியிருப்பு மைய ரயில் நிலையத்தை ஒட்டியே உள்ளது. புடாபெஸ்டின் ஏழாவது வட்டத்தில் காசின்சி தெருவின் ஜெப ஆலயமும் இளைஞர் விடுதிகளும் அருகருகே இருக்கின்றன. வெனிஸில் 1516-இல் யூதர்களை அடைத்துவைக்க ஏற்படுத்தப்பட்ட கெட்டோ, ரயில் நிலையத்திலிருந்து சிறிது நேர நடையில் உள்ளது. அந்தப் பழைய நகரில் யாருக்கும் கார் இல்லை. ஒரு காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட இடம், இன்று கையில் காசில்லாத இளைஞருக்கு வசதியான இடமாகியிருப்பது வரலாற்றின் விந்தை.

இவ்வளவு கட்டுப்பாடுகளுடன் ஒரு மாணவர் எப்படிப் பயணம் செய்ய இயலுகிறது? விருந்தோம்பல்தான் விடை. வெள்ளி இரவும் சனி நண்பகலும் முன்பின் அறியாத குடும்பங்கள் அவருக்கு உணவளிக்கின்றன. அமெரிக்கப் பொருளியலாளர் லாரன்ஸ் இயன்னக்கோன் 1992-இல் எழுதிய கட்டுரையொன்று இதற்கு விளக்கம் தருகிறது. கடுமையான கட்டுப்பாடுகள், பலனை மட்டும் நாடி வருவோரை விலக்கிவிடுகின்றன. எஞ்சியோரிடையே நம்பிக்கையும் ஒத்துழைப்பும் பெருகுகின்றன என்பது அவர் வாதம். சபாத்தைக் கடைப்பிடிப்பதால் ஏற்படும் செலவே, அச்செலவைக் குறைக்கும் விருந்தோம்பலுக்கும் அடித்தளமாகிறது.

விருந்தாளி வெறுங்கையோடும் வருவதில்லை. மரபுவழிக் கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தை எண்ணிப் பாருங்கள். 1948-க்குப் பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அங்கே பத்துப் பேர் சேர்வது அவ்வழியே வரும் பயணிகளைப் பொறுத்தது. முதுகுப்பையோடு வரும் இளைஞர், அந்தப் பத்தாவது ஆளாகி, தாம் உண்ட சோற்றுக்கு உரிய விலையைத் தந்துவிடுகிறார்.

இந்த ஏற்பாட்டை அச்சம் அரித்துக்கொண்டிருக்கிறது. 2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லத்தில், யூதப் பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் அளித்துவந்த ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் விருந்தாளிகளோடு சேர்த்துக் கொல்லப்பட்டனர். 2019 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில், யோம் கிப்பூர் நாளில் ஜெப ஆலயத்தைத் தாக்க வந்தவனை உறுதியான கதவுதான் தடுத்து நிறுத்தியது. வெளியே இருவர் அவனால் உயிரிழந்தனர். இன்று ஐரோப்பாவின் பல ஜெப ஆலயங்களில் முன்கூட்டியே எழுதி, கடவுச்சீட்டின் நகலை அனுப்பினால்தான் உள்ளே செல்ல முடிகிறது. தட்டியதும் திறந்த கதவு, இப்போது சான்று கேட்கிறது. அதைக் குறை கூற இயலாது. ஆயினும், அறிமுகமோ பணமோ உள்ளவருக்கு இது சிறு தொல்லை. இரண்டும் இல்லாதவருக்கு ஒரு சனிக்கிழமையே கைவிட்டுப் போகும்.

படத்தின் மறுபக்கம் இஸ்ரேலில் இருக்கிறது. அங்கு ரயில்களும் பெரும்பாலான பேருந்துகளும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நின்று, சனிக்கிழமை இரவே மீண்டும் ஓடுகின்றன. 1947-இல் பென் குரியன் சமயக் கட்சியினருக்கு அளித்த உறுதிமொழிக் கடிதத்தில் இதன் வேர் உள்ளது. ஜெருசலேமில் நெறிவழி மாணவருக்கு ஓய்வுநாளால் பயண இழப்பு ஏதுமில்லை. சமய ஈடுபாடற்ற, கார் வாங்க வசதியற்ற மாணவரே கடற்கரைக்கோ தாயைப் பார்க்கவோ செல்ல முடியாமல் முடங்குகிறார். வசதியுள்ளவர் தமது காரில் ஏறிச் சென்றுவிடுகிறார். டெல் அவிவ் நகராட்சி 2019 நவம்பரில் அண்டை நகரங்களுடன் சேர்ந்து வாரஇறுதி இலவசப் பேருந்துகளைத் தொடங்கியது இதனால்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நாள்காட்டியைப் பெரும்பான்மை வகுக்கிறது. அதனோடு ஒத்துப்போகாதவர் அதற்கு விலை தருகிறார். அவரிடம் காரும் பணமும் இல்லையெனில் விலை இரட்டிப்பாகிறது. லண்டனில் அவர் நெறிவழி யூதர். டெல் அவிவில் நெறி சாராத யூதர். சமயச் சுதந்திரம் சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதன் விலையும் எளியவருக்கு எட்ட வேண்டும்.

விடுதிகளும் போக்குவரத்து நிறுவனங்களும் இதற்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. கேட்பவருக்கு ஒரு சாதாரணச் சாவி, கீழ்த்தளத்தில் ஓர் அறை, முன்பணமாகவே முழுத் தொகையையும் பெற்றுக்கொள்ளும் இசைவு, நாள்களைத் தேர்ந்துகொள்ளும் பயணச்சீட்டு ஆகியன போதும். இவற்றுக்கு ஆகும் செலவு அனேகமாக ஒன்றுமில்லை. அந்த ஆய்வு மாணவர் அன்று தங்கிய விடுதியில், பொறுப்பாளர் தேடிப் பிடித்துக் கொடுத்தது துருவேறிய ஒரு பழைய சாவிதான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)