வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கலாமா?

சென்ற கார்த்திகையில் ஓரிரவு, இஷா தொழுகை முடித்து வீடு திரும்பினேன். என் துணைவியாரின் தம்பி திண்ணையில் அமர்ந்திருந்தார். கையில் மடித்த படிவம் ஒன்று. கல்வராயன் மலையடிவாரத்தில் அவருக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் காட்டுப் பன்றிக் கூட்டம் இறங்கி, ஒரே இரவில் கால் பங்கைச் சாய்த்துவிட்டிருந்தது.

“மச்சான், துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போடலாம் என்றிருக்கிறேன். பன்றிக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

“வீட்டுக்கும்” என்று அவர் சொன்னதில் ஒரு கலக்கம் இருந்தது. அவர் குடும்பம் ஊரைவிட்டுத் தள்ளி, கொல்லையிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தார் மூவர் கொல்லப்பட்டதையும், அடுத்த ஆண்டே ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் முதிய தம்பதியர் அவ்வாறே மாண்டதையும் அவர் மறக்கவில்லை. “காவல் நிலையத்துக்குச் சொல்லி அவர்கள் வந்து சேருவதற்குள் என்ன மிஞ்சும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றிரவு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

நம் பகுதிக்குத் துப்பாக்கி புதிதன்று. கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் நெடுங்காலமாக நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். குழல்வாய் வழியே கரிமருந்தை இட்டு, துணியோ நாரோ திணித்து, அதன் மேல் பால்ரஸ் குண்டுகளைப் போட்டுக் கெட்டிக்கும் பழைய வகை அது. மருந்து மிகுந்தாலோ குழல் நைந்திருந்தாலோ, சுடுபவன் முகத்திலேயே வெடிக்கும். உரிமமின்றி வைத்திருப்பவற்றைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறையினர் மலைக்கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. பிடிபட்டால் நிலை வேறு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே இரண்டாண்டுக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை. தன் பயிரைக் காக்க எண்ணிய ஏழை, கொள்ளையனோடு ஒரே கூண்டில் நிற்க நேர்கிறது என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

இந்தக் கெடுபிடியின் வேர் 1878இல் இருக்கிறது. லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் பெற்றே ஆயுதம் வைக்க வேண்டும் என்றது; ஐரோப்பியருக்கோ விலக்களித்தது. அஹிம்சையைப் போதித்த காந்தியடிகளே அச்சட்டத்தை வன்மையாகக் கண்டித்தார் என்றால் சிலர் நம்ப மாட்டார்கள். 1931 கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லாரும் ஆயுதம் வைக்கும் உரிமை என்றால், குற்றவாளிக்கும் அதை மறுக்க இயலாதே என்பது அவர் தரப்பு. இடையில் பிரிவினைக் கலவரத்தின் இரத்தம் ஓடியிருந்தது என்பதை மறந்து இந்த மனமாற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆகவே நம் நாட்டில் துப்பாக்கி ஓர் உரிமையன்று. அரசு தரும் அனுமதி. அமெரிக்காவிலோ 1791ஆம் ஆண்டின் இரண்டாம் திருத்தம் அதை உரிமையாக்கியது. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைப்பது தனிமனித உரிமையே என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் ஒரு விலக்கு உண்டு. குடகு நாட்டுக் கொடவர்கள் உரிமமின்றியே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அச்சலுகையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் செல்லும் என்றது. குடகுக்கு ஒரு நீதி, கல்வராயனுக்கு ஒரு நீதியா என்று மலைவாசி ஒருவர் கேட்டால் மறுமொழி சொல்வது எளிதன்று.

என் மைத்துனருக்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்க் காவலுக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும், தற்காப்புக்கென இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய துப்பாக்கிக்கும் உரிமம் பெற இடமளிக்கிறது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணை உண்டு. ஆயுதத்தைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதற்கும் உறுதி தர வேண்டும். ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. துப்பாக்கிக்கு உரிமம் பெற்றாலும் பன்றியைச் சுட உரிமம் இல்லை! வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். உழவர் சுடலாம் என்று எங்கும் இல்லை. மைத்துனரின் கொல்லையில் நின்றால் காடு கண்ணெதிரே தெரியும்.

எஞ்சியது தற்காப்பு. இதில் சட்டமும் மார்க்கமும் வியக்கத்தக்க வகையில் ஒரே திசையில் நடக்கின்றன. தன் உயிரையும் பிறர் உயிரையும் உடைமையையும் காக்கும் உரிமையைப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் தந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் தருகிறது. இரவில் வீடு புகுந்து கொள்ளையிடுபவனைத் தடுக்கையில் அவன் உயிரே போனாலும் குற்றமாகாத நிலை உண்டு. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது. அதிகாரிகளை நாட அவகாசம் இருந்தால் இவ்வுரிமை இல்லை.

தன் பொருளைக் காக்கப் போராடி மாண்டவர் ஷஹீத் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அறிவோம். அதே நபியவர்கள், பள்ளியிலோ கடைத்தெருவிலோ அம்புடன் செல்பவர் அதன் முனையைக் கையால் மூடிக்கொள்ளட்டும் என்றும் பணித்தார்கள். சகோதரனை நோக்கி இரும்பை நீட்டுபவனை வானவர்கள் சபிக்கின்றனர் என்றும் எச்சரித்தார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் தாக்குபவனைத் தடுப்பது பற்றிய பாடத்தில், எளியதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று படிப்படியாக வரும். பேச்சாலும் கூக்குரலாலும் விலகுவானாயின் கை ஓங்கக் கூடாது. கையால் முடியுமாயின் கோல் கூடாது. துப்பாக்கியோ இப்படிகளையெல்லாம் ஒரே தாவலில் தாண்டிவிடும் கருவி.

2019 மார்ச் 15 ஜும்ஆவன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் முறைப்படி உரிமம் பெற்றவனே. இரண்டாம் பள்ளியில் தொழ வந்திருந்த ஒருவர், கைக்குக் கிடைத்த கடன் அட்டைக் கருவியை எடுத்துக்கொண்டு அவனை நோக்கி ஓடினார். அவன் எறிந்த வெற்றுத் துப்பாக்கியையே எடுத்து அவன் வண்டியின் மேல் வீசினார், அவன் ஓடிப்போனான். இதைக் காட்டி, நல்லவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்பாரும் உண்டு. கொலைகாரன் கையில் அது எளிதாகக் கிடைத்திராவிட்டால் என்பாரும் உண்டு. அந்நாடு இரண்டாவதை ஏற்று, ஒரு மாதத்துக்குள் அரைத் தானியங்கி வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 40,000க்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் மடிகின்றனர். அவர்களில் பாதிக்கும் மேல் திருடனிடமோ பகைவனிடமோ மாண்டவரல்லர், தம்மையே சுட்டுக்கொண்டவர்கள். கடனும் மனவுளைச்சலும் மிகுந்த நம் உழவர் வீடுகளை நினைத்தபோது என்னைச் சுட்டது இந்தச் செய்திதான்.

அடுத்த வெள்ளியன்று மைத்துனர் மனைவி மக்களுடன் வந்தார். நான் படித்தறிந்ததையெல்லாம் சொன்னேன். “நீங்கள் ஊருக்குள் மூன்று கதவுக்குப் பின்னால் உறங்குகிறீர்கள் மச்சான்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை; இன்றும் இல்லை.

அதுவரை பேசாதிருந்த அவர் மனைவி, “எங்கே வைத்துப் பூட்டுவது?” என்று கேட்டார். “வீட்டில் இருப்பது ஒரே பீரோ. சாவி எந்நேரமும் அதிலேயே தொங்குகிறது. சின்னவன் தினமும் அதைத் திறந்துதான் பிஸ்கட் எடுக்கிறான்.”

மைத்துனர் படிவத்தை என் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கொல்லைக்காரர் இருவரோடு முறை வைத்துத் தகரம் தட்டிக் காவல் காத்தார். கொல்லைக்கு ஒரு விளக்குக் கம்பமும் இரண்டு நாய்களும் வந்தன. தையில் அறுத்தபோது, முந்திய ஆண்டைவிட ஒன்பது மூட்டை குறைவு. படிவம் இன்னும் என் வருகைப் பதிவேட்டுக்குள் இருக்கிறது. அவர் அதைக் கேட்கவுமில்லை, கிழித்துவிடச் சொல்லவுமில்லை.