எடைக்கேற்ற மருந்து, வயதுக்கேற்ற கவனிப்பு

இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை அந்த எல்லை 50. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு தப்பும். பச்சிளங்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. சில விநாடி தயங்கும், பிறகு வேகமெடுக்கும். அழும்போதும் எண்ண முடியாது. பால் குடித்து அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும்.

நிமோனியாவை முதலில் பிடிப்பது பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான். எண்ணுபவர் பெரும்பாலும் ஒரு செவிலியர். குழந்தை நலம் என்றதும் டாக்டரின் முகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த மருத்துவத்தின் அடித்தளம். அந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு வடக்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருக்கும் பேரூராட்சி கருங்குழி. இங்கே ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் தெற்கே மதுராந்தகம் அரசு மருத்துவமனை பக்கம். சிக்கலான பிரசவம் என்றால் வடக்கே மாமண்டூரில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1965-ல் தொடங்கிய கல்லூரி அது. வீட்டுப் பிரசவம் இந்தப் பக்கத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2020-ம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கில், ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் நாடு முழுவதும் 28 பேர், தமிழ்நாட்டில் 13 பேர்.

அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இந்திய அளவில் அந்த 28 பேரில் 20 பேர் பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கிறார்கள். தாயும் பிள்ளையும் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, உறவுக்காரர்கள் பார்க்க வந்து போகிற நாட்களும் இதற்குள்தான் அடங்குகின்றன. அதனால்தான் மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று 2011 முதல் தேசிய வழிகாட்டுதல் இருக்கிறது. பிற மாநிலங்களில் ஆஷா பணியாளர்கள் இதைச் செய்கிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இது கிராம சுகாதார செவிலியரின் தோளில் விழுகிறது. ஊரார் அவரை ‘நர்ஸம்மா’ என்பார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்ஸம்மா என்பது கணக்கு. கர்ப்பிணிகளின் பதிவு, தடுப்பூசி, கணினிப் பதிவேடு எல்லாம் அவருக்கே.

இந்த வீட்டுப் பார்வைக்குப் பின்னால் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி இருக்கிறது. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் அங்கே 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்க வைத்தார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. அந்தப் பெண்களிடம் இருந்தவை தராசு, வெப்பமானி, கடிகாரம், சில மருந்துகள், கூடவே நல்ல பயிற்சி.

வீட்டுக்குள் வரும் நர்ஸம்மா என்ன பார்க்கிறார்? முதலில் பாதம். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. வயிறும் சில்லிட்டிருந்தால் உடனே கவனிக்க வேண்டிய நிலை. சித்திரை வெயிலிலும் எடை குறைந்த குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுப் போகும், ஏனென்றால் அதன் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. அடுத்து தொப்புள்: அதில் எதையும் வைக்கக் கூடாது, காய்ந்து தானாக விழ வேண்டும். பிறகு எடை. முதல் வாரத்தில் பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது திரும்பவில்லை என்றால் பால் கொடுக்கும் முறையை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பாட்டிமார்களோடு பேசுவதுதான் இதில் கடினமான பகுதி. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், மூக்கில் எண்ணெய், குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை எல்லாமே பாசத்தில் செய்யப்படுபவை. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரக்கூடும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ‘தோஷம்’ என்று மந்திரிப்பதும், ‘உச்சி விழுந்துவிட்டது’ என்று உச்சி எடுக்கப் போவதும் இன்னும் இருக்கின்றன. பாட்டி கண்டது உண்மைதான். உடலில் நீர் வற்றினால் உச்சிக்குழி உள்வாங்கும். மருத்துவப் புத்தகமும் அதையே சொல்கிறது. அனுபவமுள்ள நர்ஸம்மா ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று சண்டைக்குப் போவதில்லை. ‘சரியா கவனிச்சிருக்கீங்க பாட்டி, உச்சி உள்ளே போனா தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தம், இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுங்க’ என்பார்.

அந்தக் கரைசலின் வரலாறே கவனிப்பவர்களின் வரலாறு. 1971 வங்கதேசப் போரின்போது பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபீஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் தாய்மார்களையும் உறவினர்களையுமே ஊட்டச் சொன்னார். அங்கே 30 சதவீதத்தைத் தொட்டிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பின்பும் 50 முதல் 100 மில்லி என்பது கணக்கு. கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. இரண்டாம் நாளே வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மருந்து என்று வரும்போது குழந்தையைச் சின்ன உருவப் பெரியவராக நினைப்பது பெரிய தவறு. எல்லாமே கிலோ கணக்கு. பாரசிட்டமால் என்றால் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு அடர்த்தி. ‘போன தடவை ரெண்டரை மில்லி கொடுத்தேன்’ என்ற நினைவில் சிரப்புக்குப் பதில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் கல்லீரல் தாங்காது. வார்டில் சலைன் ஏற்றும்போதும் அதே நுணுக்கம்தான். குழந்தைகளுக்கான நுண்துளிக் குழாயில் 60 துளி சேர்ந்தால் ஒரு மில்லி. மணிக்கு 5 மில்லி ஏற்ற வேண்டுமானால் நிமிடத்துக்கு 5 துளி. அந்த ஐந்து பதினைந்தாகிவிடாமல் இரவு முழுக்கப் பார்த்துக்கொள்பவர் டூட்டி சிஸ்டர்.

இந்தக் கிலோ கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது இந்த மாவட்டத்தோடு நேரடித் தொடர்புடையது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் இந்தியாவின் பாம்புக்கடி முறிமருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்த முறிமருந்து மட்டும் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. கடிபட்டது பத்துக் கிலோ குழந்தையா, எழுபது கிலோ ஆளா என்று பார்த்துப் பாம்பு நஞ்சைக் குறைத்து இறக்குவதில்லை. முறிமருந்து ஏறும்போது ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று கவனிப்பதும் செவிலியர் வேலை.

எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது தாயின் மார்புச் சூடு. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய கங்காரு பராமரிப்பு, நீண்ட காலம் ‘குழந்தை நிலைப்பட்ட பிறகு’ மட்டுமே செய்யப்பட்டது. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. பிறந்த உடனேயே தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று அது காட்டியது. அப்படியானால் தாய்க்கும் அந்தப் பிரிவுக்குள்ளேயே கட்டில் வேண்டும். தாயின் ரத்தப்போக்கையும் குழந்தையின் மூச்சையும் ஒருசேரப் பார்க்கத் தெரிந்த செவிலியர் வேண்டும்.

தாயை உள்ளே விடுவது என்பதே மேலைநாடுகளில் போராடிப் பெறப்பட்டது. பிரிட்டனில் ஒரு காலத்தில் குழந்தைகள் வார்டுக்குப் பெற்றோர் வாரத்தில் சில மணி நேரம்தான் வர முடிந்தது. 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒவ்வொரு நாளாக ஒடுங்கிப்போவதைப் படமெடுத்துக் காட்டினார். 1959-ல் பிளாட் குழு, பெற்றோருக்குத் தடையற்ற அனுமதி வேண்டும் என்றது. நம் அரசு மருத்துவமனைகளில் அம்மா பிள்ளையோடுதான் இருக்கிறார், பல சமயம் கட்டிலுக்கடியில் பாய் விரித்து. அவருக்கு ஒரு நாற்காலியும் குளிக்க ஓர் இடமும் கொடுப்பதையும் சிகிச்சையின் பகுதியாகவே எண்ண வேண்டும்.

சுண்டுவிரல் கனமில்லாத கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றும் திறமை வருடக்கணக்கில் வருவது. அந்த வருடங்களை நாம் மதிக்கிறோமா? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் நிரந்தரம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராடினார்கள். பிறகு ஊதியம் உயர்ந்தது, ஒரு பகுதியினர் நிரந்தரமானார்கள், மற்றவர்களின் கோரிக்கை தொடர்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் என்ற விகிதம் தாளில் இருந்தால் போதாது. அந்த மூன்று நான்கு பேரைப் பார்ப்பவர் நாளை வேலை இருக்குமா என்ற கவலையில் நிற்கக் கூடாது.

பள்ளி வயதில் குழந்தை கண்ணைவிட்டு நழுவுகிறது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து, இதயக் குறை, பார்வைக் குறை, ரத்தசோகை என்று சோதிக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். வளரிளம் பெண்களிலும் ஏறக்குறைய அதே நிலை. வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டிய பிள்ளை அடுத்த வாரம் அதைப் பைக்குள் போட்டுவிடுகிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லி, மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றும் சொல்லிவைத்தால் அந்த மாத்திரை வயிற்றுக்குள் போகும். வளரிளம் பெண்ணிடம் பேசும்போது அம்மாவைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்வதும் பயிற்சியின் பகுதிதான். மாதவிலக்குச் சிக்கலோ, வீட்டில் நிச்சயமாகப் போகும் கல்யாணமோ அப்போதுதான் வாயில் வரும்.

பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டு 12 வயதோடு முடிகிறது. இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் 18 வயது வரை என்கிறது. டைப் 1 சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்ட 13 வயதுப் பையனைப் பெரியவர்கள் வார்டில், முதியவர்களுக்கு நடுவே சேர்த்தால், அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அவனோ ஆயுள் முழுக்கத் தானே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவன். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் கட்டி விழுந்து மருந்து சரியாக இறங்காது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை உறையில் போட்டு, தண்ணீர் வைத்த மண்பானைக்குள் நனையாமல் வைக்கலாம். வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அம்மாவின் கைப்பேசி எண்ணோடு, வகுப்பாசிரியரிடமும் பி.டி. மாஸ்டரிடமும் கொடுக்கச் சொல்லித்தான் நல்ல செவிலியர் அவனை டிஸ்சார்ஜ் செய்து அனுப்புவார்.