லைசென்ஸ் வேண்டாம்... ஆனால் பொம்மையும் இல்லை! ஏர் ரைஃபிளின் பவர் எவ்வளவு தெரியுமா?

திருவிழாக் கடையில் பலூன் சுட்டது ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போய், பத்து பலூனில் மூன்றை மட்டும் உடைத்துவிட்டு, 'துப்பாக்கியே கோணலா இருக்குண்ணே' என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வருவோமே, அதுதான் நம்மில் பலருக்கு முதல் ஏர் கன். ஆயிரம் கை பட்டு ஸ்பிரிங் தளர்ந்துபோன துப்பாக்கி அது. லேசாக ஒரு 'டப்', அவ்வளவுதான்.

இப்போது ஏர் ரைஃபிள் வாங்குபவர்கள் பலரும் அந்த ஞாபகத்தில்தான் வாங்குகிறார்கள். லைசென்ஸ் வேண்டாம், வெடிமருந்து இல்லை, 'காத்துதானே'. வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையிலோ தோப்பிலோ காலி டின் ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்க்கும்போதுதான் திக்கென்கிறது. டின்னின் இரண்டு பக்கமும் ஓட்டை!

அந்தக் குண்டு டின்னைத் தாண்டி எங்கே போனது? இந்தக் கட்டுரையின் விஷயமே அந்தக் கேள்விதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

அரை கிராம் ஈயம் என்ன செய்துவிடும்?

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். காற்று விரலைத் தள்ளும், பம்பும் சூடாகும். சாதாரண ஏர் ரைஃபிளும் இதே வேலையைத்தான் செய்கிறது. குழாயை மடக்கும்போது உள்ளே இருக்கும் கனமான ஸ்பிரிங் இறுகிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ள, கண்ணிமைக்கும் நேரத்தில் காற்று நசுங்கி பெல்லட்டை வெளியே துப்புகிறது. பி.சி.பி. என்ற இன்னொரு ரகம் இருக்கிறது. அதில் சிலிண்டரிலேயே 200 பார் அளவுக்குக் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். உங்கள் கார் டயரில் இருப்பது 2 பாரை ஒட்டித்தான். நூறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே!

இப்போது கணக்கு. 0.177 இன்ச், அதாவது 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் எடை சுமார் அரை கிராம். ஒரு ரூபாய் நாணயத்தில் ஏழில் ஒரு பங்கு. பெட்டியில் '900 எஃப்.பி.எஸ்.' என்று போட்டிருந்தால், குண்டு நொடிக்கு 900 அடி, அதாவது சுமார் 274 மீட்டர் வேகத்தில் கிளம்பும் என்று அர்த்தம். மணிக்குக் கிட்டத்தட்ட 990 கிலோமீட்டர். விமானம் பறக்கிற வேகம்! 0.53 கிராம் பெல்லட் அந்த வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 20 ஜூல்.

20 ஜூல் என்றால் என்ன? 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் வரும் அடி. 'பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் பாட்டில் விழும் அடி கால் பாதம் முழுக்கப் பரவுகிறது. பெல்லட்டின் அடியோ சட்டைப் பொத்தானைவிடச் சின்ன ஒரு புள்ளியில் மொத்தமாக இறங்குகிறது. இந்த வகை பெல்லட் மனிதத் தோலைத் துளைக்க நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகமே போதும் என்று தடயவியல் மருத்துவச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 274-ல் கிளம்பிய குண்டிடம், 50 மீட்டர் தள்ளியும் அந்த வேகம் மிச்சமிருக்கும். கண்ணைச் சிதைக்க அதைவிடக் குறைந்த வேகமே போதும்.

நிஜத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது சின்னதுதான், மறுப்பதற்கில்லை. 9 மி.மீ. பிஸ்டல் குண்டின் ஆற்றல் 450 ஜூலுக்கும் மேல். ஆனால் வேறொரு ஒப்பீடு இருக்கிறது, அதுதான் ஆச்சரியமே. அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றாரே, அந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பயன்படுத்தும் துப்பாக்கிகளின் ஆற்றல் பொதுவாக 7.5 ஜூலை ஒட்டித்தான் இருக்கும். அதாவது, லைசென்ஸ் இல்லாமல் நம் கொல்லைக்கு வரக்கூடிய ரைஃபிளுக்கு ஒலிம்பிக் ரைஃபிளைவிட இரண்டு மடங்குக்கு மேல் பவர் இருக்கலாம்!

காற்றில் சுடுவது புதுசும் இல்லை. ஜிரார்டோனி என்ற ஏர் ரைஃபிளை 1780-களிலேயே ஆஸ்திரிய ராணுவம் போருக்குப் பயன்படுத்தியது. காற்றுத் தொட்டியை நிரப்ப ஆயிரம் தடவைக்கு மேல் பம்ப் அடிக்க வேண்டும் என்பதுதான் அதன் தலைவலி.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

இந்தியாவின் ஆயுத விதிகள் 2016-ன்படி, துளை 4.5 மி.மீ.க்கு மிகாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். 5.5 மி.மீ. துளை கொண்ட 0.22 ஏர் ரைஃபிள் பவர் குறைவாகவே இருந்தாலும் லைசென்ஸ் கேட்கும் ரகம்தான். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 'ஸ்பிரிங் மாத்தினா பவர் ஏறும் ப்ரோ' என்று வீடியோ பார்த்து மெக்கானிக் வேலை செய்து, 20 ஜூலைத் தாண்டிவிட்டால், சட்டத்தின் கண்ணில் உங்கள் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.

சில வெளிநாடுகளில் இந்தக் கோடு கீழேதான் இருக்கிறது. ஜெர்மனியில் 7.5 ஜூல், இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளுக்குச் சுமார் 16 ஜூல். ஸ்காட்லாந்து 2016 கடைசி நாளிலிருந்து இந்தக் குறைந்த பவர் ஏர் கன்னுக்கும் லைசென்ஸ் கேட்கிறது. நம்முடைய 20 தாராளம்தான்.

'சும்மா வெரட்டத்தான்...'

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கதைக்கு வருவோம். ஊருக்கு மேற்கே மலை. ஊருக்கும் மலைக்கும் நடுவே மாந்தோப்பு, தென்னந்தோப்பு, புளியந்தோப்பு. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயம் அறிவித்த மலை இது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது. ஆனால் அணிலுக்குச் சரணாலய எல்லை தெரியாதே! மரத்துக்கு மரம் தாவிக்கொண்டே அடிவாரத் தனியார் தோப்புகளுக்கும் அது வந்துபோகிறது.

தோப்புக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காய்க்கிற நேரத்தில் குரங்குக் கூட்டம் இறங்கினால் அந்த வருஷ வருமானமே ஆட்டம் காணும். மயில், காட்டுப் பன்றி தொல்லை வேறு. அதனால்தான் ஏர் கன். 'கொல்ல இல்லைங்க, சும்மா வெரட்டத்தான்' என்பார்கள். சத்தத்துக்காகச் சுடுவதாக இருந்தால் சரி. ஆனால் 20 ஜூல் பெல்லட்டுக்கு 'சும்மா' என்றால் என்னவென்று தெரியாது. குரங்கோ மயிலோ அங்கேயே விழாமல் ஓடிவிடலாம், உடம்புக்குள் ஈயத்தோடு. அந்தக் காயம் சீழ் பிடித்துச் செத்தாலும் சுட்டவருக்குத் தெரியப்போவதில்லை.

சட்டத்துக்கும் அந்த 'சும்மா' தெரியாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. காயப்படுத்துவதும் வேட்டைதான், முயற்சி செய்வதும் வேட்டைதான். சாம்பல் நிற அணிலும் மயிலும் முதல் அட்டவணையில் இருப்பவை. சிக்கினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது இங்கே எந்த விதத்திலும் காப்பாற்றாது. 'காக்கா, வௌவாலைச் சுடலாமே' என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. அவற்றைத் 'தொல்லை உயிரினம்' என்று தனியாக வைத்திருந்த பழைய அட்டவணையையே 2022 திருத்தம் நீக்கிவிட்டது.

ஏர் கன் காட்டை எவ்வளவு காலி செய்யும் என்பதற்கு அருணாச்சலப் பிரதேசம் சாட்சி. பறவை வேட்டை கைமீறிப் போனதால் 2021-ல் அந்த மாநில அரசே 'ஏர் கன்னை ஒப்படையுங்கள்' என்று இயக்கம் தொடங்கியது. முதல் நாளில் லும்டுங் என்ற ஒரே கிராமத்தில் 46 துப்பாக்கிகள் வந்தன. பிறகு மாநிலம் முழுக்க 2,000-க்கும் மேல். கட்டாயம் இல்லை, மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்!

டின்னுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

விலங்குகளே வேண்டாம், டின்னையும் அட்டையையும் மட்டும்தான் சுடுவேன் என்கிறீர்களா? நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் முகவாயைத் தூக்கிச் சுட்டால் பெல்லட் 200, 300 மீட்டர் வரை போய் விழும். ராஜபாளையத் தெருக்களை மனதில் ஓட்டிப் பாருங்கள்: மாடிக்கு மாடி ஒட்டிய வீடுகள், துணி காயப்போடும் அக்கா, பட்டம் விடும் பசங்க. விழும்போது வேகம் தேய்ந்திருக்கும். கண்ணுக்கு அதுவே அதிகம்.

அதனால் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். தரையில், கீழ்நோக்கிச் சுட வேண்டும். இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவரும் கல்லும் குண்டைத் தடுக்காமல் உங்கள் பக்கமே திருப்பி அனுப்பலாம், கீற்று வேலி தடுக்கவே தடுக்காது. சுடுபவர், பக்கத்தில் நிற்பவர் இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால் கை கழுவாமல் முறுக்கைத் தொடக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் டப்பா இன்னொரு பூட்டில் இருக்கட்டும்.

அலட்சியமாகச் சுட்டு யாருக்காவது காயம் பட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவு வரும். கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை சிறை.

யார் மீதாவது பட்டுவிட்டால், வெளியே தெரியும் சின்னப் புள்ளியைப் பார்த்து 'ஒண்ணும் இல்லை' என்று மஞ்சள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். குண்டு உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். கண்ணில் பட்டிருந்தால் கசக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, குண்டை எடுக்க முயலவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டிவிட்டு, நேராகக் கண் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியில் சாப்பாடு, டீ எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம்.