மருத்துவமனை மருத்துவர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி

மருத்துவமனை மருத்துவர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி என்பது, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் உள்நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்கள், பட்டமும் பயிற்சியும் முடித்த பின்னரும் தம் பணிக்காலம் முழுவதும் பெற்றுவரும் கல்வி ஆகும். புதிய அறிவைப் பெறுதல், கற்ற திறன்களைப் பேணுதல், பயனற்றவை அல்லது தீங்கானவை என்று பின்னர்த் தெரியவந்த வழக்கங்களைக் கைவிடுதல் ஆகிய மூன்றும் இதன் நோக்கங்கள். உள்நோயாளி மருத்துவம் தனித் துறையாக உருவெடுத்த நாடு ஐக்கிய அமெரிக்கா என்பதால், இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டு நடைமுறையை விளக்குகிறது.

மருத்துவமனை மருத்துவர்

அமெரிக்காவில் நெடுங்காலமாகக் குடும்ப மருத்துவரே தம் நோயாளியை மருத்துவமனையிலும் கவனித்து வந்தார். காலையில் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பின்னர்த் தம் மருந்தகத்துக்குத் திரும்புவது வழக்கம். 1990களில் இம்முறை மாறத் தொடங்கியது. மருத்துவமனைச் செலவைக் குறைக்கும் அழுத்தம் கூடியது. நோயாளிகள் தங்கும் நாள்கள் குறைந்தன. தங்குபவர்களின் நோய்நிலையோ முன்னைவிடக் கடுமையாக இருந்தது. நாளுக்கு ஒருமுறை வந்து செல்லும் மருத்துவரால் இத்தகையோரைக் கவனிப்பது கடினமாயிற்று.

இந்நிலையில் முழுநேரமும் மருத்துவமனையிலேயே பணியாற்றும் மருத்துவர்கள் தோன்றினர். 1996 ஆகஸ்டில் ராபர்ட் வாக்டர், லீ கோல்டுமன் ஆகிய இருவரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரையில் இவர்களை 'ஹாஸ்பிடலிஸ்ட்' என்று அழைத்தனர். 1997ல் இவர்களுக்கென ஒரு தேசியச் சங்கம் அமைக்கப்பட்டது. 2003 முதல் அது மருத்துவமனை மருத்துவக் கழகம் என்னும் பொருள்படும் பெயரில் இயங்குகிறது. அத்துறைக்கான ஆய்விதழ் 2006ல் தொடங்கப்பட்டது. 2016ல் அமெரிக்காவில் இத்தகைய மருத்துவர்களின் எண்ணிக்கை 50,000ஐ எட்டியிருந்தது. இவர்களுள் பெரும்பாலோர் பொது உள்மருத்துவம் பயின்றவர்கள். குடும்ப மருத்துவமும் குழந்தை மருத்துவமும் பயின்றவர்களும் உள்ளனர்.

தொடர் கல்வியின் தேவை

அனுபவம் கூடக்கூட மருத்துவரின் திறனும் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆய்வுகள் இதை முழுமையாக ஆதரிக்கவில்லை. 2005ல் சௌத்ரி முதலானோர் 62 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவற்றில், பணி ஆண்டுகள் கூடியபோது மருத்துவர்களின் அறிவு அல்லது சிகிச்சைத் தரம் குறைந்திருந்தது.

உள்நோயாளிகளைப் பற்றியே நேரடியாக ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2017ல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. 2011 முதல் 2014 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட, 65 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளின் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அது எடுத்துக்கொண்டது. அவர்களுக்குச் சிகிச்சையளித்தவர்கள் ஏறத்தாழ 18,800 மருத்துவமனை மருத்துவர்கள். சேர்க்கப்பட்ட 30 நாள்களுக்குள் இறந்தோரின் விகிதம், மருத்துவரின் வயதுக்கேற்பப் பின்வருமாறு அமைந்தது:

40 வயதுக்குட்பட்ட மருத்துவர்கள்: 10.8%
40 முதல் 49 வரை: 11.1%
50 முதல் 59 வரை: 11.3%
60 வயதும் அதற்கு மேலும்: 12.1%

நோயாளிகளின் வயது, நோய்க்கடுமை போன்ற வேறுபாடுகளைச் சரிசெய்த பின்னரும் இவ்வேற்றுமை நீடித்தது. ஆயினும் ஆண்டுதோறும் மிகுதியான நோயாளிகளைக் கவனித்து வந்த மருத்துவர்களிடையே வயதுக்கும் இறப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. எனவே முதுமையே காரணம் என்று இவ்வாய்வைக் கொண்டு கூறிவிட முடியாது. இது காரணத்தை மெய்ப்பிக்கும் சோதனை அன்று. பதிவுகளை உற்றுநோக்கிய ஆய்வே. எனினும், கற்றல் நின்றுவிட்டால் அதன் விலையை நோயாளியே கொடுக்க நேரிடலாம் என்னும் கவலையை இது வலுப்படுத்தியது.

மற்றொரு சிக்கல், தமக்கு எது தெரியாது என்பதை மருத்துவர்களால் சரியாக அறிய முடிவதில்லை என்பதாகும். டேவ் டேவிசு முதலானோர் 2006ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மருத்துவர்களின் தன்மதிப்பீட்டுக்கும் பிறர் அளந்த திறனுக்கும் பொருத்தம் குறைவு. திறன் குறைந்தவர்களிடமும் மிகுந்த தன்னம்பிக்கை உடையவர்களிடமும் இப்பொருத்தம் மிகவும் குறைவாக இருந்தது. விரும்பியதை மட்டும் தேர்ந்து கற்பது போதாது என்பதற்கு இது முக்கியச் சான்றாகக் காட்டப்படுகிறது.

மாறிய மருத்துவ அறிவு: சில எடுத்துக்காட்டுகள்

உள்நோயாளி மருத்துவத்தில் ஒரு தலைமுறைக்குள்ளேயே பல வழக்கங்கள் மாறியுள்ளன.

இரத்தச் சர்க்கரை: 2001ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்த ஆய்வு, தீவிர சிகிச்சை நோயாளிகளின் சர்க்கரை அளவை இன்சுலின் கொண்டு மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் இறப்பு குறையும் என்று காட்டியது. பல நாடுகளிலும் இது பின்பற்றப்பட்டது. 2009ல் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த 'நைஸ்-சுகர்' ஆய்வின் முடிவு இதற்கு மாறாக இருந்தது. இறுக்கமான கட்டுப்பாட்டில் இருந்தோரில் 27.5% பேரும், மிதமான கட்டுப்பாட்டில் இருந்தோரில் 24.9% பேரும் 90 நாள்களுக்குள் இறந்தனர்.

இரத்தமேற்றல்: ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 10 கிராமுக்குக் குறைந்தால் இரத்தம் ஏற்றுவது பழைய வழக்கம். 1999ல் வெளியான கனடிய ஆய்வு, தீவிர சிகிச்சை நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு 7 கிராம் வரை காத்திருப்பது பாதுகாப்பானதே என்று காட்டியது.

செப்சிஸ்: நோய்த்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டுவதால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை இது. 2001ல் டெட்ராய்ட் நகரில் நடந்த ஆய்வு, முதல் ஆறு மணி நேரத்தில் குறிப்பிட்ட இலக்குகளை எட்டும் சிகிச்சைமுறை மருத்துவமனை இறப்பை 46.5%லிருந்து 30.5% ஆகக் குறைத்தது என்று அறிவித்தது. 2014, 2015 ஆண்டுகளில் வெளிவந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அம்முறை வழக்கமான சிகிச்சையைவிட மேம்பட்டதாக இல்லை. இதற்குள் நோயை விரைந்து கண்டறிவதும், நுண்ணுயிர்க்கொல்லியை உடனே கொடுப்பதும் வழக்கமான சிகிச்சையின் பகுதியாகவே ஆகியிருந்தன.

கோவிட்-19: 2020 ஜூனில் பிரித்தானியாவின் 'ரிகவரி' ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடையே டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான மருந்து இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. எவருக்குக் கொடுப்பது, எவருக்குத் தவிர்ப்பது என்பதை மருத்துவர்கள் சில நாள்களில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இவற்றுள் சில புதியதைக் கற்பிப்பவை. சில கற்றதை மறக்கக் கோருபவை. இரண்டாவதே கடினமானது எனக் கல்வியாளர்கள் கருதுகின்றனர்.

அமைப்புமுறையின் வரலாறு

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1968ல் தொடர் கல்வி பெறும் மருத்துவர்களுக்கான அங்கீகார விருதை ஏற்படுத்தியது. கல்வியை மணிக்கணக்கில் அளந்து மதிப்பலகு வழங்கும் முறை இதன்வழிப் பரவியது. 1971ல் நியூ மெக்சிகோ மாநிலம் மருத்துவர் பதிவைப் புதுப்பிக்கத் தொடர் கல்வியைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களும் பின்னர் இதைப் பின்பற்றின. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு 50 மணி நேரக் கல்வி தேவை. கல்வி வழங்கும் நிறுவனங்களுக்கு ஏற்பளிக்கும் தேசியக் குழு 1981ல் அமைந்தது.

மணிக்கணக்குக்கு அப்பால், துறைச் சான்றிதழ்களும் தொடர் கல்வியோடு இணைக்கப்பட்டன. அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 1990 முதல் வழங்கிய சான்றிதழ்கள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை அல்ல. பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். 2010ல் இவ்வாரியம் மருத்துவமனை மருத்துவத்துக்கெனத் தனித் தேர்வை அறிமுகப்படுத்தியது. 2014ல் கொண்டுவரப்பட்ட கடுமையான விதிகளை மருத்துவர்கள் பலர் எதிர்த்தனர். செலவும் நேரமும் மிகுதி, அன்றாடப் பணிக்குத் தொடர்பற்ற வினாக்கள் பல என்பன அவர்களின் குறைகள். 2015 பெப்ரவரியில் வாரியம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரி, சில விதிகளை நிறுத்திவைத்தது. 2022 முதல், பத்தாண்டுத் தேர்வுக்கு மாற்றாகக் காலாண்டுக்கு 30 வினாக்கள் வீதம் ஐந்து ஆண்டுகள் விடையளிக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. இதில் விடையளித்தவுடனேயே விளக்கமும் கிடைப்பதால், தேர்வே கல்வியாகவும் அமைகிறது.

பாடப்பொருள்

மருத்துவமனை மருத்துவர்கள் அறிந்திருக்க வேண்டியவை 2006ல் ஓர் ஆவணமாகத் தொகுக்கப்பட்டு, 2017ல் திருத்தப்பட்டன. அவை மூன்று பிரிவுகளில் அடங்கும்.

1. நோய்நிலைகள்: நிமோனியா, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, நாளங்களில் இரத்தம் உறைதல் முதலியன.
2. செய்முறைகள்: தண்டுவட நீர் எடுத்தல், வயிற்று நீர் அகற்றல், மையச் சிரைக்குழாய் பொருத்துதல் முதலியன.
3. அமைப்புசார் திறன்கள்: நோயாளியை அடுத்த பணிமுறை மருத்துவரிடம் ஒப்படைத்தல், வீட்டுக்கு அனுப்புதல், மருந்துப் பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு, இறுதிக்கால நோயாளியின் குடும்பத்தாருடன் பேசுதல் முதலியன.

மூன்றாவது பிரிவு மருத்துவமனைப் பணிக்கே உரிய சிறப்பாகும். ஒரே நோயாளியைப் பல பணிமுறைகளில் பல மருத்துவர்கள் பார்க்கின்றனர். ஒருவர் அறிந்ததை அடுத்தவர் அறியாமற் போனால், இருவரும் திறமையானவராக இருந்தாலும் நோயாளிக்குத் தீங்கு நேரலாம்.

கற்பிக்கும் முறைகள்

விரிவுரையும் மாநாடும் இன்றும் மிகப் பரவலான முறைகள். இவை தவிர, ஆய்விதழ்க் கட்டுரையைக் கூடி விவாதித்தல், இறப்புகளையும் சிக்கல்களையும் ஆராயும் கூட்டம், தன்மதிப்பீட்டு வினாத்தொகுப்புகள், பாவனைப் பயிற்சி, சொந்தச் சிகிச்சைப் பதிவுகளைத் தணிக்கை செய்து பின்னூட்டம் பெறுதல் ஆகியவையும் உண்டு. நோயாளியைப் பார்க்கும்போது எழும் ஐயத்தை உடனே தேடிப் படிப்பதற்கும் மதிப்பலகு வழங்கப்படுகிறது.

பயன் குறித்த ஆய்வுகள்

டேவிசு முதலானோர் 1999ல் வெளியிட்ட தொகுப்பாய்வு இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. விரிவுரையை மட்டும் கேட்ட மருத்துவர்களின் சிகிச்சைமுறை பெரிதாக மாறவில்லை. கலந்துரையாடல், செய்து பழகுதல், இடைவெளி விட்டு மீண்டும் கூடுதல் ஆகியவற்றைக் கொண்ட நிகழ்ச்சிகள் மாற்றத்தை உண்டாக்கின.

சிக்காகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, 2009ல் பாவனைப் பயிற்சியின் பயனை அறிவித்தது. மையச் சிரைக்குழாய் பொருத்துவதில் முழுத் தேர்ச்சி பெறும் வரை பயிற்சி மருத்துவர்கள் பொம்மை உருவத்தில் பழகினர். அதன் பின்னர் அவர்கள் பணியாற்றிய தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழி இரத்தத் தொற்று, ஆயிரம் குழாய் நாள்களுக்கு 3.2லிருந்து 0.5 ஆகக் குறைந்தது.

மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த திட்டத்தின் முடிவுகள் 2006ல் வெளியாயின. கைகழுவுதல், தோலைக் குளோர்எக்சிடின் கொண்டு தூய்மைசெய்தல், முழு விரிப்பால் மூடுதல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல் ஆகிய ஐந்தும் கற்பிக்கப்பட்டன. இவற்றுள் எதுவும் மருத்துவர்களுக்குப் புதிதன்று. சரிபார்ப்புப் பட்டியலும், ஒரு படி தவறினால் செவிலியர் பணியை நிறுத்தலாம் என்ற அதிகாரமும் சேர்ந்தபோது தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது.

நோயாளியை ஒப்படைக்கும்போது பேசவேண்டியவற்றை ஒழுங்குபடுத்திய 'ஐ-பாஸ்' பயிற்சி, ஒன்பது குழந்தை மருத்துவப் பயிற்சி மையங்களில் சோதிக்கப்பட்டது. 2014ல் வெளியான முடிவின்படி மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும், தவிர்க்கக்கூடிய தீங்குகள் 30 விழுக்காடும் குறைந்தன.

நிதியும் நடுநிலையும்

மருந்து, கருவி நிறுவனங்கள் தொடர் கல்விக்கு நிதி அளித்து வந்துள்ளன. பாடத்தைத் தீர்மானிப்பவருக்கு விற்பனை நோக்கம் இருந்தால், கல்வி விளம்பரமாக மாறும் அபாயம் உண்டு. இதனால் ஏற்பளிக்கும் குழு 1992ல் வணிக ஆதரவுக்கான விதிகளை வகுத்தது. அவை 2004லும் 2020லும் திருத்தப்பட்டன. இவ்விதிகளின்படி நிதி வழங்கும் நிறுவனம் பாடப்பொருளையோ பேச்சாளரையோ தேர்ந்தெடுக்கக் கூடாது. பேச்சாளரின் நிதித் தொடர்புகள் கேட்போருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும்.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் 2012 டிசம்பர் முதல் மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் தகுதியை மறுவுறுதி செய்துகொள்ள வேண்டும். ஆண்டு மதிப்பீடு, உடன் பணியாற்றுவோரின் கருத்து, நோயாளிகளின் கருத்து ஆகியவை இதில் இடம்பெறுகின்றன.

இந்தியாவில் 'மருத்துவமனை மருத்துவர்' என்னும் தனித் துறை பரவலாக வளரவில்லை. பொதுமருத்துவ வல்லுநர்களும் பணிநேர மருத்துவர்களும் உள்நோயாளிகளைக் கவனிக்கின்றனர். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்தது 30 மணி நேரத் தொடர் கல்வியைக் கோரின. அக்கவுன்சிலின் இடத்தில் 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம் இயங்கி வருகிறது.

விமர்சனங்கள்

தொடர் கல்வியை மணிக்கணக்கில் அளப்பது, கற்றலை அளப்பதாகாது என்பது முதன்மையான விமர்சனம். கூட்டத்தில் அமர்ந்திருந்ததற்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அதன்பின் நோயாளிக்கு நடந்தது என்ன என்பது பெரும்பாலும் அளக்கப்படுவதில்லை. மேலும், ஏழு நாள் தொடர் பணி, ஏழு நாள் ஓய்வு என்னும் முறையில் பணியாற்றும் மருத்துவர்கள் தம் ஓய்வு நாள்களிலேயே கற்க வேண்டியுள்ளது. இரவுப் பணியில் மட்டும் இருப்போர் பகல்நேரக் கூட்டங்களில் கலந்துகொள்வது அரிது.

கல்வியை அன்றாடப் பணியிலிருந்து பிரிக்காமல் அதனுள்ளேயே அமைப்பது இக்குறைகளுக்குத் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. ஒவ்வொரு மருத்துவருக்கும் அவர் கவனித்த நோயாளிகளைப் பற்றிய தரவுகளைத் திருப்பித் தருவது, குழுவாகக் கற்பிப்பது, செவிலியரையும் மருந்தாளுநரையும் சேர்த்துக்கொள்வது ஆகியவை இதன் கூறுகள். மிச்சிகன் திட்டத்தில் தொற்று குறைந்ததற்கு மருத்துவர்கள் புதிதாக ஒன்றை அறிந்தது காரணம் அன்று. ஏற்கனவே அறிந்ததை ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்யும்படி பணிமுறை அமைந்ததே காரணம்.